நான் அழுத்தாத விசை

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் முதல் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போட்டவன் நான். தியாகதுருகத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் பின்னறையில் செத்துக் கிடந்த கம்ப்யூட்டர்களை, ஒன்றின் உறுப்பைக் கழற்றி இன்னொன்றில் பூட்டி, காசில்லாமல் கிடைக்கிற கட்டற்ற இயங்குதளத்தை ஏற்றி, வகுப்பே உட்கார்ந்து படிக்கும்படி எழுப்பி நிறுத்தியவன் நான். சங்கராபுரத்து அரிசி ஆலைகளின் பழைய பிரிண்டர்கள் தமிழில் அச்சடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தபோது அதற்கு வழி கண்டுபிடித்து, அந்த வழியை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி பொதியாகக் கட்டி வைத்தவன் நான். தமிழ் விசைப்பலகைப் பொதி, எழுத்துருப் பொதி, பேச்சுப் பொதி என்று, எழுதியவர்கள் கைவிட்டுப் போன பிறகும் அவற்றின் மூச்சு நிற்காமல் பார்த்துக்கொண்டவனும் நானே.

படிப்பு எட்டாவதோடு சரி. நைனார்பாளையத்தில் அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். நான் சின்னசேலத்தில் ரேடியோ கடையில் பற்றவைக்கிற கம்பியைப் பிடித்தவன். என் ஆங்கிலம் முழுக்கப் பிழைச்செய்திகளில் கற்றது. உடைந்தது, கைவிடப்பட்டது, கொல்லப்பட்டது, அனாதையானது, இவற்றுக்கெல்லாம் எனக்கு ஆங்கிலம் தெரியும். "நலமா" என்று கேட்கத்தான் ரொம்ப நாள் தெரியவில்லை.

இதைத் தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். பேச்சுப் பொதியைக் குழுவின் இளையவர்களான உங்கள் கையில் கொடுத்துவிட்டு ஓய்வுக்கு வந்துவிட்டேன். போகிற நேரத்தில் உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் நான் யார் என்று தெரிந்தால்தான் நீங்கள் காது கொடுப்பீர்கள்.

பொதி என்றால் என்ன என்று ஊரில் கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான். மென்பொருளை எழுதுகிறவர் ஒருவர், எங்கேயோ இருக்கிறார். அதைப் பயன்படுத்துகிறவர் ஒருவர், வேறெங்கேயோ இருக்கிறார். நடுவில் நிற்பவன் நான். எழுதியவர் அனுப்பியதைப் பிரித்து, நம் இயங்குதளத்துக்குத் தக்கபடி ஓரம் வெட்டி, எதற்கு எது துணை என்று சீட்டு ஒட்டி, கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். சம்பளம் கிடையாது. "அப்புறம் ஏன் செய்யறே" என்று என் மனைவி கேட்டபடியே இருப்பாள். என் முதல் பொதியை அனுப்பிய நாளில் அவளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். நான் பார்த்தே இராத வகைக் கணினிகள், எந்தெந்த நாட்டிலோ இருக்கிறவை, ஒவ்வொன்றாக என் பொதியை எடுத்துத் தாமே கட்டிப் பார்த்து, சரி, சரி, சரி என்று பச்சை காட்டின. எவரும் அவற்றுக்கு என் சாதி சொல்லவில்லை, என் படிப்பு சொல்லவில்லை. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கரும்பு வெட்டறவன் வூட்டுப் புள்ள கட்டுனதுன்னு அதுங்களுக்குத் தெரியாதா" என்றாள். தெரியாது என்றேன். "நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள். நான் எழுந்திருக்கவில்லை.

என்னை யாரும் கை தூக்கி விடவில்லை, ஒருவரைத் தவிர. இந்தக் கட்டற்ற இயங்குதளத்தைப் பார்த்துக்கொள்கிற நம் குழுவில் நேரடியாகப் பொதி அனுப்பும் உரிமை வேண்டுமென்றால், ஏற்கெனவே உரிமை உள்ள ஒருவர் உங்களை நேரில் பார்த்து, அடையாள அட்டையைச் சரிபார்த்து, நீங்கள் நீங்கள்தான் என்று கையெழுத்திட வேண்டும். அது உங்களுக்கே தெரியும். கள்ளக்குறிச்சிக்கு யார் வருவார்? பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார். பேருந்தில், துணிப்பையோடு, ஒல்லியாக. தன் பெயரை எங்கும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தக் குணம் எனக்குக் கிடையாது, அவருக்கு இருந்தது, மதிக்கிறேன்.

என் அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "போட்டோல இருக்கறவர் கொஞ்சம் அடக்கமானவரா தெரியறாரே" என்றார். கையெழுத்திட்டார். டீக்கடையில் உட்கார்ந்ததும் அவர் சொன்னது ஒன்றே ஒன்று.

"பொதி அனுப்பறது அடுத்தவர் வீட்டுக்குள்ள போற மாதிரி. அவர் சாமான இடம் மாத்தி வெக்க நமக்கு உரிமை இல்ல. அவர் கைவெச்ச கோப்புன்னா, கேட்டுட்டுத்தான் தொடணும். கேக்காம தொட்டீங்கன்னு தெரிஞ்சா, இந்தக் கையெழுத்த நான் வாபஸ் வாங்கிக்குவேன்."

மென்பொருள் எப்படி நடக்க வேண்டும் என்று வரிவரியாகச் சொல்லும் அமைப்புக் கோப்பைத்தான் சொன்னார். ஒவ்வொரு பொதியோடும் அப்படி ஒரு கோப்பு போகும். பயனர் அதைத் திறந்து தனக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். அடுத்த பதிப்பில் நாமும் அந்தக் கோப்பை மாற்றியிருந்தால், நம் இயங்குதளம் அங்கேயே நின்று கேட்கும்: நீங்கள் திருத்தியதையே வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா? இரண்டில் ஒன்றுக்குரிய விசையை அழுத்தும்வரை ஓர் அடி நகராது. உலகத்தில் எத்தனையோ பெரிய இடங்களில் எத்தனையோ பேர் என்னைக் கேட்காமல் என் விஷயத்தில் முடிவு எடுத்திருக்கிறார்கள். கூலிக்காரன் வீட்டுக் கணினியின் முன்னால் நின்று, அவன் சொல்லும்வரை காத்திருக்கிற இந்தக் கேள்வியைப் போல மரியாதையான ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை. இதைத்தான் வேதமாக வைத்துக்கொண்டேன்.

இனி பேச்சுப் பொதிக்கு வருகிறேன். திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துச் சொல்லும் மென்பொருள் அது. எழுதியவர் காணாமல் போய்விட்டார். மடல் போட்டால் பதில் இல்லை. பொதி அனாதை என்று பட்டியலிட்டிருந்தார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது, எடுத்துக்கொண்டேன். எடுத்த நாளிலிருந்து எனக்கு ஒருவர் பிழை அறிக்கை அனுப்பியபடி இருந்தார். பெயருக்குப் பதில் இரண்டு எழுத்துகள்தான். சுருக்கமான, கறாரான ஆங்கிலம். இந்த இடத்தில் குரல் திக்குகிறது. இந்த இடத்தில் மூச்சு விடாமல் ஓடுகிறது. உங்கள் சென்ற திருத்தம் முன்பிருந்ததைவிட மோசம். எங்கேயோ குளிர்தேசத்தில் கோட்டு போட்ட ஒரு மனிதர் என்று நான் நினைத்திருந்தேன். அவர் திட்டுவதில்கூட எனக்குக் கௌரவமாக இருந்தது.

ஒருநாள் அவரிடமிருந்து வந்த அறிக்கையில், கரியாலூர், சேராப்பட்டு, வெள்ளிமலை ஆகிய ஊர்ப் பெயர்களைக் குரல் சரியாகச் சொல்லவில்லை என்று இருந்தது. குளிர்தேசத்துக்காரருக்குச் சேராப்பட்டு எதற்கு? முதன்முறையாகத் தமிழில் எழுதிக் கேட்டேன். பதிலும் தமிழில் வந்தது. வெள்ளிமலைக்குப் பக்கத்தில் மலைப்பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளியில் சரித்திர ஆசிரியை. பெயர் தமயந்தி. சொந்த ஊர் சங்கராபுரம். பிறவியிலேயே பார்வை இல்லை. என் கடை மாடியில் துணி காயப்போடும்போது மேற்கே தெரிகிற அதே கல்வராயன் மலையிலிருந்துதான் இத்தனை காலமும் என்னைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த ஆண்டு இயங்குதளத்தின் புதிய வெளியீடு வர இருந்தது. வெளியீட்டுக்கு முன்னால் நம் குழு கதவை மூடும். அதற்குப் பிறகு எந்தப் பொதியும் உள்ளே போக முடியாது. உள்ளே இருப்பதுதான் வருஷக்கணக்கில் எல்லோர் கணினியிலும் ஓடும். பேச்சுப் பொதியில் அப்போது எனக்குத் துணையாக ஷர்மிளா சேர்ந்திருந்தார். சென்னையில் பொறியாளர், கெட்டிக்காரர். அமைப்புக் கோப்புக்குள் ஒவ்வொரு வரிக்கும் மேலே இருந்த ஆங்கில விளக்கங்களையெல்லாம் அவர் அழகான தமிழில் எழுதி வைத்தார். விளக்கம் மனிதர்களுக்கு, இயந்திரம் அதைப் படிக்காது. குரலின் வேகம், ஏற்ற இறக்கம், சத்தம் எதையும் அவர் தொடவில்லை. தன் கணினிகளில் ஏற்றிச் சோதித்தார். வெளியே சிலருக்குக் கொடுத்துச் சோதித்தார். எல்லாவற்றிலும் பேசியது.

கதவு மூட ஒருநாள் இருக்கும்போது, டீச்சரின் கணினியில் நேரில் ஏற்றிப் பார்த்துவிடுவோம் என்று எனக்குத் தோன்றியது. யாரும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. நம் வேலையில் யாரும் அப்படிச் செய்வதும் இல்லை. கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போகிற பேருந்தில் ஏறினேன்.

சனிக்கிழமை. பள்ளியில் சத்தம் இல்லை. அலுவலக அறை வாசலிலேயே எனக்கு ஓர் இரைச்சல் கேட்டது. பழுத்த பலாவில் ஈ மொய்க்கிற மாதிரி. நான் ரேடியோக் கடையில் தொழில் படித்தவன். உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாகச் சொன்னேன்: "டீச்சர், ஸ்பீக்கர்ல கோன் கிழிஞ்சிருக்கு. மாத்தணும்."

அவர் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது.

"ஐயா, வாங்க. ஸ்பீக்கர் நல்லாத்தான் கீது. உங்க பொதிதான் பேசிக்கினு இருக்குது."

"இதுவா பேச்சு?"

"பின்ன? பத்தாவது பாடப் புத்தகம் கேட்டுக்கினு இருக்கேன். உங்களுக்காக வேணா மாட்டு வண்டி வேகத்துல வெக்கட்டா?"

வேகத்தைக் குறைத்தார். குறைத்தார். இன்னும் குறைத்தார். அந்த இரைச்சல் மெல்ல மெல்லப் பிரிந்து, எழுத்தாகி, சொல்லாகி, நான் எத்தனையோ நாள் உட்கார்ந்து திருத்திய அந்தக் குரலாகி, வரி வசூலைப் பற்றி வாசித்தது. மறுபடி ஏற்றினார். மறுபடி ஈ. அந்த ஈ இரைச்சலுக்குள் அவர் முழுப் புத்தகத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். என் பொதி அந்த வேகத்தில் ஓடும் என்று எனக்கே தெரியாது. நான் கட்டிய மாட்டு வண்டியை யாரோ எடுத்துக்கொண்டுபோய் ரயிலாக ஓட்டுவதைப் பார்த்தவன் போல நின்றேன். வாய் விட்டு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது அபூர்வம்.

"இது வர்றதுக்கு முன்னாடி யாரையாவது படிச்சுக் காட்டச் சொல்லிக் கெஞ்சணும் ஐயா. வாட்ச்மேன், சமையக்காரம்மா, யாரு சும்மா இருக்காங்களோ அவங்க. அவங்களுக்குப் புடிச்சதப் படிப்பாங்க, புடிக்காதத வுட்டுட்டுப் போய்க்கினே இருப்பாங்க. இப்ப யாரையும் கேக்கறதில்ல. திங்கக்கிழம வினாத்தாள் அனுப்பணும். முக்கால்வாசி முடிச்சுட்டேன்."

புதிய பொதியைப் பென்டிரைவில் கொண்டுபோயிருந்தேன். அவரே ஏற்றினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், வெகுமதி வாங்கப் போகிறவன் மாதிரி. ஈ இரைந்தது. பிறகு, சட்டென்று, ஒன்றும் இல்லை.

அவர் காத்திருந்தார். தலையைச் சாய்த்து, விரல்களை விசைகளின் மேல் வைத்தபடி.

"இன்னா ஐயா, உங்க புள்ள வாய மூடிக்கிச்சே."

நான் திரையைப் பார்த்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் நம் கேள்வி நின்றுகொண்டிருந்தது. நீங்கள் திருத்தியதையே வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா?

நடந்தது எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. ஷர்மிளா எழுதிய விளக்கங்களால் அந்தக் கோப்பு மாறியிருக்கிறது. டீச்சரும் அதில் வேகத்தை மாற்றியிருக்கிறார். இரண்டு பக்கமும் மாறிவிட்டதால் இயங்குதளம் மரியாதையாக நின்று கேட்கிறது. ஆனால் புதிய குரலை ஏற்றுவதற்காகப் பழைய குரலை அது ஏற்கெனவே நிறுத்திவிட்டது. பதில் வந்தால்தான் புதிய குரல் எழும். கேள்வி இருக்கிறது, அதைச் சொல்ல வாய் இல்லை. பார்வை உள்ளவன் யாரும் குரலின் வேகத்தை மாற்ற மாட்டான், அவனுக்கு மாட்டு வண்டியே போதும். அவன் கோப்பு மாறாது, அவனை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அதனால்தான் சோதித்தவர்கள் எல்லோரிடமும் பேசியது. வேகத்தை மாற்றுகிறவர்கள் பார்வை இல்லாதவர்கள் மட்டும்தான். யாருக்காக இந்தப் பொதியைக் கட்டினோமோ, அவர்கள் ஒவ்வொருவர் கணினியிலும், அவர்கள் கணினியில் மட்டும், இது ஊமையாகும்.

என் கை தானாக விசைப்பலகைக்குப் போனது. ஒரே விசை. அழுத்தினால் குரல் வந்துவிடும். டீச்சர் சந்தோஷப்படுவார், காப்பி வரும், பேருந்து பிடிக்கலாம். பிள்ளைகளே, இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். நம் வேலையில் கெட்டுப்போகிற காரியங்களில் பாதி இந்த ஒரே விசையில்தான் கெடுகிறது. பக்கத்தில் நாம் இருக்கிறோம், நமக்குத் தெரியும், நாம் அழுத்திவிடுகிறோம், சரியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"டீச்சர், நான் இங்க இல்லன்னா இப்ப இன்னா செய்வீங்க?"

"நீங்கதான் பக்கத்துல குந்திக்கினு கீறீங்களே."

"இல்லன்னு வெச்சுக்குங்க."

அவர் முகம் மாறியது. ஆசிரியை அல்லவா, கேள்வியில் ஏதோ இருக்கிறது என்று பிடித்துக்கொண்டார். எண்டர் தட்டினார். ஸ்பேஸ் தட்டினார். கடைசி வரியைத் திரும்பச் சொல் என்கிற விசையைத் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் திரையில் அதே கேள்வி இன்னொரு முறை வந்து கீழே நின்றது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. திரை முழுக்கக் கேள்வியாக நிறைந்துகொண்டிருந்தது, அறை அமைதியாக இருந்தது. அதுபோல ஒன்றை நான் பார்த்ததில்லை. வேதம் என்று நான் வைத்திருந்தது ஒருவர் முகத்துக்கு நேராக நின்று வாயை அசைக்கிறது, சத்தம் வரவில்லை.

"கடைசியா பவர் பட்டன அமுக்குவேன்," என்றார். "வேற இன்னா இருக்குது?"

"அமுக்குங்க."

"ஐயா, வினாத்தாள் இதுலதான் கீது."

"தெரியும். திரும்பப் பேச வெக்காம மலைய வுட்டு எறங்க மாட்டேன். ஆனா நீங்க தனியா இருந்தா இது எதுல போய் முடியும்னு எனக்குத் தெரியணும்."

குனிந்து, தடவி, பட்டனை அமுக்கிப் பிடித்தார். அணைந்தது. மறுபடி போட்டார். விசிறி ஓடியது, விளக்கு எரிந்தது. குரல் வரவில்லை. பாதியில் அறுபட்ட பொதி அப்படியே கிடந்தது. அவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

"முழு ஊமையா?" என்றார்.

"முழு ஊமை."

"இத எல்லாருக்குமா அனுப்பப் போறீங்க?"

"நாளைக்குக் கதவு மூடிடுவாங்க. மூடிட்டா எல்லாருக்கும் இதான் போவும்."

நான் அவருடைய கணினியைத் திருத்தக் கையை வைத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"இது கெடக்கட்டும். மொதல்ல போய் போன் பண்ணுங்க. நான் இது இல்லாம இருந்து பழகுனவதான், சாயங்காலம் வரைக்கும் தாங்குவேன். மேல வளைவுல போய் நில்லுங்க, அங்கதான் சிக்னல் எடுக்கும். செவுத்து மேல ஏறி நிக்கணும். வுழுந்துடாதீங்க, எனக்கு வினாத்தாள் வேணும்."

பள்ளிக்கு மேலே சாலை திரும்புகிற இடத்தில் தடுப்புச் சுவர் இருக்கிறது. ஏறி நின்றேன். கீழே கோமுகி அணைத் தண்ணீர், அதற்கு அப்பால் கரும்பும் மரவள்ளியும், அதற்கும் அப்பால் புகை மாதிரி கள்ளக்குறிச்சி. ஷர்மிளாவைக் கூப்பிட்டேன்.

"சார், நான் எத்தன மெஷின்ல போட்டுப் பாத்தேன் தெரியுமா? எல்லாத்துலயும் பேசுது."

"வேகத்த ஏத்தி வெச்சுட்டுப் பொதியப் போட்டியாம்மா?"

மெதுவாக, "அந்த வேகத்துல யாரு சார் கேப்பாங்க?" என்றார்.

"யாருக்காகம்மா கட்டுனோம்?"

நடந்ததைச் சொன்னேன். கெட்டிக்காரர் என்றேனே, பாதி சொல்வதற்குள் மீதியை அவரே சொல்லி முடித்தார். பிறகு ஆளுக்கொரு வழி தேடினோம், காற்றில் குரல் விட்டு விட்டு வந்தது.

"வெளியீட்டுக் குறிப்புல எழுதிடலாம் சார். கேள்வி வந்தா இந்த விசைய அழுத்துங்கன்னு."

"ஊமை மெஷின்ல அத யாரு படிச்சுக் காட்டுவா?"

"அப்ப கேள்வியே கேக்காம புதுக் கோப்பப் போட்டுடலாம். குரல் வந்துடும்."

"வரும். அவங்க வெச்சிருந்த வேகம் போயிடும். கேக்காம அடுத்தவங்க சாமான மாத்தறது. எனக்காக ஒருத்தர் போட்ட கையெழுத்த வாபஸ் வாங்கிடுவாரு."

"பின்ன இன்னா சார் பண்றது?"

கேட்டுவிட்டுத் தொடுவதும் ஆகவில்லை, கேட்காமல் தொடுவதும் ஆகவில்லை. மிச்சம் இருப்பது ஒன்றுதான், தொடாமல் இருப்பது. அந்தச் சுவர் மேல் நின்றுதான் எனக்கு அது விளங்கியது.

"பழைய கோப்பையே வெச்சுடு. ஒரு புள்ளி மாறாம. நம்ம பக்கம் மாறலன்னா கேள்வியே எழும்பாது."

"தமிழ் விளக்கத்துக்கு எவ்ளோ நாள் உக்காந்தேன் தெரியுமா சார்," என்றார். குரலில் கோபம் இல்லை, அதனால்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

"தூக்கிப் போடச் சொல்லலம்மா. கையேட்டுல வை, அங்க நல்லா இருக்கும். அந்தக் கோப்புல மட்டும் வேணாம். இன்னொண்ணு. இந்தத் தடவ சோதிக்கும்போது வேகத்த ஏத்தி வை. மானிட்டர அணைச்சுடு. அணைச்சுட்டு ஏத்திப் பாரு. கண்ணால ஒண்ணும் பாக்காத."

பொதியில் என் கையெழுத்தைப் போடுகிற மின்சாவி கடைக் கணினியில் இருந்தது. மலையில் இருந்தபடி என்னால் அனுப்ப முடியாது. ஷர்மிளாதான் கோப்பைத் திருப்பினார், மானிட்டரை அணைத்துவிட்டுச் சோதித்தார், வெளியீட்டுக் குழுவுக்கு எழுதினார், தன் சாவியால் கையெழுத்திட்டு அனுப்பினார். நான் பள்ளிக்கு இறங்கி வந்து, பாதியில் அறுபட்ட பொதியை மறுபடி ஏற்றி, மறுபடி வந்து நின்ற அதே கேள்விக்கு ஒருவழியாகப் பதில் சொன்னேன். உங்களுடையதையே வைத்துக்கொள்ளுங்கள் என்று. ஈ இரைந்தது. டீச்சர் வினாத்தாளைத் திறந்து ஒருமுறை முழுக்கக் கேட்டார். பிறகு, "வேகம் மாறல," என்றார். மறுபடி மேலே வளைவுக்குப் போய் நின்றபோது செய்தி வந்திருந்தது. கதவு மூடும் முன் பொதி உள்ளே போய்விட்டது.

வெளியீடு வந்தது. நான் தினமும் மடலைத் திறந்து பார்த்தேன். பார்வையற்றவர்கள் எந்தெந்த நாட்டில் தமிழ் கேட்கிறார்களோ, அங்கெல்லாம் அவர்கள் கணினிகளில் பழைய குரல் நின்று புதிய குரல் எழுந்திருக்கும். பலாவின் ஈ மாதிரி அது இரைந்திருக்கும். யாரும் எதையும் உணர்ந்திருக்க மாட்டார்கள். எனக்கு ஒரு மடலும் வரவில்லை. நான் என் வாழ்நாளில் செய்த மிகப் பெரிய காரியத்துக்கு அத்தாட்சி, வராத மடல்கள்தான். அதை நினைக்கும்போது அந்தச் சுவர் மேல் நிற்கிற மாதிரியே இருக்கிறது, கீழே அத்தனை பேர் வீடு, ஒரு சத்தம் இல்லை.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். பொதியின் மாற்றக் குறிப்பைத் திறந்து பாருங்கள். "பழைய அமைப்புக் கோப்பு மீட்கப்பட்டது" என்று ஒரு வரி, அதன் கீழே ஷர்மிளா பெயர். அனுப்பியவர் பெயர்தான் தானாக விழும், அதில் அவர் தவறு ஒன்றும் இல்லை. என் பெயரைச் சேர்க்கட்டுமா என்று அவர் கேட்டார். அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன், அடுத்த பதிப்பில் இருவருமே மறந்தோம். உங்கள் குழுவின் வழிகாட்டிப் பக்கத்தில் இப்போது ஒரு விதி இருக்கிறது: பேச்சுப் பொதியைச் சோதிக்கும்போது பயனர் மாற்றக்கூடியதை மாற்றிவிட்டு, திரையை அணைத்துவிட்டுச் சோதிக்க வேண்டும். நீங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறீர்கள். சென்ற மாதம் உங்களில் ஒருவர் எனக்கே அதைத் தொலைபேசியில் விளக்கினார், "இது எப்பவும் இருக்கறதுதான் சார்" என்று. எப்பவும் இருந்ததில்லை. மலையில், ஒரு சனிக்கிழமை, தடுப்புச் சுவர் மேல் பிறந்தது.

அந்த விதிக்குக் கீழே, "ஒரு பயனர் தெரிவித்தார், ஒரு பராமரிப்பாளர் உதவினார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எடுங்கள். பெங்களூர்க்காரர் தன் பெயர் வேண்டாம் என்றார், விட்டுவிட்டேன். நான் அவர் இல்லை. அந்தப் பயனருக்குத் தமயந்தி டீச்சர் என்று பெயர். அவர் பெயரை மேலே போடுங்கள், தன் வினாத்தாள் போனாலும் போகட்டும் என்று பட்டனை அமுக்கியவர் என்று. ஷர்மிளா பெயரைப் போடுங்கள், தன் தமிழைத் தானே எடுத்துவைத்தவர் என்று. டீச்சருக்குக் கீழே, மற்ற எல்லோருக்கும் மேலே, என் பெயரைப் போடுங்கள். எட்டாவது வரை படித்தவர் என்பதையும் சேருங்கள். என்ன செய்தார் என்று கேட்கிற இடத்தில் சுற்றி வளைக்க வேண்டாம். விடை தெரிந்தும் விசையை அழுத்தாமல் கையை எடுத்துக்கொண்டார் என்று எழுதினால் போதும்.